பொதி அறையில் எட்டு நிமிடக் காடு

அனுப்புனர்:
பெ. இராமலெட்சுமி (வயது 44),
மேற்பார்வையாளர், பொதி திறக்கும் பிரிவு,
தோணிமுனை சரக்குகள் தனியார் நிறுவனம்,
ஒருகொடவத்தை.
(வதிவிடம்: இல. 41/7, வேப்பமர ஒழுங்கை, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13)

பெறுநர்:
உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
பிராந்தியக் காரியாலயம்,
கொழும்பு.

விடயம்: எமது களஞ்சியத்தில் ஊழியர்களின் மன ஆறுதலுக்காக வைத்திருந்த காட்சிக் கருவியையும் கணினியையும் திருப்பித் தருமாறும், அவற்றை அமைத்த திரு. எம். ஸாலிஹ் மீதுள்ள சந்தேகத்தை நீக்குமாறும், 17.10.2007 அன்று நான் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்திப் பதியுமாறும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வேலைப்பளுவை அறிந்தும், இதைச் சுருக்கமாக எழுத இருமுறை முயன்று முடியாமல் போனதால், நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே கீழே தருகிறேன். முழுவதையும் வாசித்தருளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். சிங்கள மொழிபெயர்ப்பும் இத்துடன் உண்டு.

1. வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்யும் எமது நாட்டுப் பெண்கள் தங்கள் குடும்பங்களுக்கு அனுப்பும் பெட்டிகள் துறைமுகத்திலிருந்து எங்கள் களஞ்சியத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உள்ளே இருப்பதைச் சுங்க உத்தியோகத்தருக்கு எடுத்துக் காட்டி, மறுபடி அடுக்கி ஒட்டிக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என இருபத்திமூன்று பேர் இருக்கிறோம். முன்பு ஏழு யன்னல்கள் இருந்தன. வீதியில் குண்டு வெடித்து ஒருமுறை கண்ணாடிகள் உடைந்தபின் அவை கல் வைத்து அடைக்கப்பட்டன. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்பது மாலை ஐந்து மணிக்குத்தான் தெரியும்.

2. பெட்டியின் மேல் உள்ள டேப்பைக் கட்டரால் கீறித்தான் திறக்கிறோம். உள்ளே குண்டு இருக்குமோ என்ற பயத்தைப் பற்றி எங்களில் எவரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. ஆனால் கட்டர் உள்ளே இறங்கும் அந்தக் கணத்தில் ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதை மேற்பார்வையாளர் என்ற முறையில் நான் பதினொரு வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒரு நாளில் ஒருவர் நாற்பது தடவை மூச்சைப் பிடித்தால் அவர் வீட்டுக்கு எப்படிப் போவார் என்பதைத் தாங்கள் ஊகிக்கலாம். ஒரு பெண் தன் பிள்ளையின் சோற்றுப் பொதியைக்கூடத் தள்ளி நின்று பிரிப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

3. இவ்வருடம் பெப்ரவரி 13ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணியளவில் செல்வி மயிலம்மா ஒரு பெட்டியைத் திறந்தார். இவர் முகத்துவாரத்தைச் சேர்ந்தவர், வயது முப்பத்தெட்டு, கைவேகம் உள்ளவர். கட்டர் இறங்கியதும் பெட்டிக்குள் ஏதோ சொடுக்கியது. பின்னர் இரைந்தது. எல்லோரும் ஓடினோம். வாசல் ஒன்று, படி ஐந்து. மயிலம்மா படியில் விழுந்தார், மற்றவர்கள் அவர் மேல் ஏறிப் போனார்கள். அவருடைய வலக்கை மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. பெட்டிக்குள் இருந்தது சாவி கொடுத்தால் பாடும் ஒரு முயல் பொம்மை. குவைத்திலிருந்து ஒரு தாய் தன் மகளின் பிறந்தநாளுக்கு அனுப்பியது. நாங்கள் வெளியே வீதியில் நிற்க, அது உள்ளே பாடி முடித்தது.

4. ஐயா, அன்று முதலில் ஓடியவள் நான். பிரிவில் உள்ள அனைவரையும் வெளியேற்றிவிட்டுக் கடைசியாக வர வேண்டியவள் மேற்பார்வையாளர். அதற்கான பயிற்சியில் கையொப்பமும் இட்டிருக்கிறேன். நான் வீதிக்கு வந்த பிறகே திரும்பிப் பார்த்தேன். இதை எவரும் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, மயிலம்மாவும் சொல்லவில்லை. ஆயினும் இம்மனு யாரால் எழுதப்படுகிறது என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

5. எலும்பு ஏழு கிழமையில் பொருந்தியது. மயிலம்மா வேலைக்குத் திரும்பினார். ஆனால் கட்டரைக் கையில் எடுத்தால் கை நடுங்கியது. "அக்கா, கை நம்ம கை மாதிரி இல்ல. வேற யாரோட கையையோ ஒட்டி வச்ச மாதிரி இருக்கு," என்றார். நான் அவரைப் பெட்டிகளை ஒட்டும் வேலைக்கு மாற்றினேன். பக்கத்தில் இன்னொருவர் டேப்பைக் கீறும் சத்தத்துக்கே எழுந்து போய்விடுவார். வைத்தியசாலையில் கையைப் பார்த்த டொக்டர், எலும்பில் ஒன்றும் இல்லை என்றும், மரஞ்செடி உள்ள அமைதியான இடத்தில் இரண்டு மூன்று கிழமை இருந்துவிட்டு வரும்படியும் சொன்னார். நல்ல ஆலோசனைதான். ஆனால் மயிலம்மாவுக்கு மிச்ச லீவு இல்லை. போக வேறு ஊரும் இல்லை. யுத்தம் நடக்கும் இந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெண் தனியாகப் பையோடு எங்காவது போய்த் தங்கினால் எத்தனை இடத்தில் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் முகாமையாளர் திரு. இராஜநாயகம், மே மாதம் முடியும்வரை பார்ப்பது, அதற்குமேல் வைத்திருக்க இயலாது என்று எழுத்தில் தந்தார்.

6. திரு. ஸாலிஹ் எங்கள் களஞ்சியத்தின் மின்வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். கிராண்ட்பாஸைச் சேர்ந்தவர், வயது முப்பத்தொன்று. டொக்டர் சொன்னதை மயிலம்மா சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு அங்க போக ஏலாட்டி, அத இங்க கொண்டுவந்து வெச்சா என்ன?" என்று கேட்டார். அவருடைய மச்சான் துபாயில் வேலை செய்த கணினி விளையாட்டு நிலையம் ஒன்று மூடப்பட்டபோது, கண்களில் மாட்டும் ஒரு கருவியை அவருக்கு அனுப்பியிருந்தார். நீரில் மூழ்குபவர்கள் அணியும் முகக்கண்ணாடி போன்றது. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சிறு திரை உண்டு. அதைக் கணினியோடு இணைத்து அணிந்துகொண்டு தலையை இடப்பக்கம் திருப்பினால் படத்தில் இடப்பக்கம் உள்ளது தெரியும். மேலே பார்த்தால் மேலே உள்ளது தெரியும். பார்ப்பவருக்குத் தான் அந்த இடத்தில் நிற்பதாகவே தோன்றும். காதில் ஹெட்போன். இதுவே தங்கள் உத்தியோகத்தர்கள் அறிக்கையில் "கம்பிகள் பொருத்திய கறுப்பு முகமூடி" என்று குறிப்பிட்ட பொருள்.

7. முதலில் எனக்குத்தான் போட்டுக் காட்டினார். நான் மலைநாட்டில் பிறந்தவள் என்பதால், என்னை மகிழ்விக்க எண்ணி, தன் உறவினர் வீட்டுக்குப் போன வேளையில் தேயிலை மலை ஒன்றைப் படம் பிடித்து வந்திருந்தார். நான் அரை நிமிடத்தில் கழற்றிவிட்டேன். அவர் பயந்துபோனார். பதினான்கு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை அந்தப் பச்சையில் கூடை சுமந்தவள் நான். தேயிலை எனக்குக் காடு அல்ல, வேலைத்தலம். தலையைத் திருப்பும்போதெல்லாம் பின்னால் கங்காணி நிற்கிறாரா என்று பார்த்தேன். "குறை நெனைக்காதீங்க தம்பி, ஆனா இது வேணாம்," என்றேன். அவரும் குறை நினைக்கவில்லை. அன்று மாலையே ஒரு கொப்பி வாங்கி வந்து, யார் யாருக்கு எப்படியான இடம் வேண்டும் என்று எழுதும்படி எல்லோரிடமும் கொடுத்தார். அந்தக் கொப்பி இம்மனுவின் இணைப்பு 1 ஆகும்.

8. கொப்பியில் ஒருவர் நெல் வயல் என்றார். ஒருவர் கடல் வேண்டவே வேண்டாம் என்றார். இன்னொருவர் மனிதர் எவரும் இல்லாத இடம் என்று எழுதினார். மயிலம்மா, "நம்மள பேர் சொல்லி யாரும் கூப்பிடாத எடம்" என்று எழுதியிருக்கிறார். இவற்றை வைத்துத்தான் ஸாலிஹ் நீர்கொழும்புக் களப்பில் தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்களைத் தெரிந்தெடுத்தார். ஜூலை 22ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு மீனவரின் படகில் போய், கண்டல்களின் நடுவே ஒரே இடத்தில் நின்று, சுற்றிவர முப்பத்தாறு படங்கள் எடுத்தார். கணினியில் அவற்றை ஒன்றோடொன்று தைத்தால்தான் தலையைத் திருப்பும்போது காட்சி தொடர்ந்து வரும். "ஒரே இடத்தில் நின்று எல்லாத் திசையையும் ஏன் படம் பிடித்தாய்?" என்று விசாரணையில் அவரிடம் பலமுறை கேட்கப்பட்டது. ஐயா, இதுவே அதற்கான காரணம், வேறொன்றும் இல்லை. ஒரு திசை விடுபட்டால் காட்டில் ஓட்டை விழும்.

9. பழைய மின்குமிழ்கள் வைத்திருந்த சிறு அறையை நாங்களே கழுவி, ஒரு கதிரை போட்டோம். ஜூலை 30ஆம் திகதியிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு எட்டு நிமிடம். வேலை தடைப்படாதபடி முறை வைத்தேன். படம் அசையாது, தண்ணீரும் அசையாது. ஆனால் அங்கே பதிந்து வந்த சத்தம் காதில் அசையும். தண்ணீர் வேரில் மோதும் சத்தம், பறவைகள், தூரத்தில் ஒரு துடுப்பு. இரண்டாம் கிழமை ஒரு பெண் உள்ளேயே தூங்கிப்போனார். முறையில் அடுத்து நின்றவர் அவரை எழுப்பாமல் தன் எட்டு நிமிடத்தையும் அவருக்கே விட்டுக் கொடுத்தார். எங்கள் பிரிவில் ஒருவர் இன்னொருவருக்கு எதையாவது விட்டுக் கொடுத்து நான் பார்த்து வெகுகாலம்.

10. மயிலம்மா முதல் ஐந்து நாளும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். ஆறாம் நாள் அணிந்தார். ஒரு கிழமைக்குப் பின் வெளியே வந்து, "அந்த வளைஞ்ச வேருக்குப் பின்னால ஒரு கொக்கு நிக்குது, பாத்தீங்களா?" என்று கேட்டார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. படம் எடுத்த ஸாலிஹே பார்த்திருக்கவில்லை. அன்றிலிருந்து எல்லோரும் உள்ளே போய்க் கொக்கைத் தேடினார்கள், பிறகு நண்டைத் தேடினார்கள். மயிலம்மாவிடம் வழி கேட்டுக்கொண்டு போவார்கள். எவரிடமும் முகம் கொடுத்துப் பேசாதிருந்தவர் ஒரு நாளில் பத்துப் பேருக்கு வழி சொன்னார். செப்டெம்பர் 11ஆம் திகதி, ஒருவரும் கேட்காமல், என் மேசைக்கு வந்து கட்டரைக் கேட்டு வாங்கினார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கை நடுங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. டேப்பின் கடைசிவரை கீறினார். உள்ளே பால்மாவும் சவர்க்காரமும் ஒரு போர்வையும் இருந்தன. போர்வையை முகத்தில் வைத்து ஒருமுறை முகர்ந்துவிட்டு மடித்து வைத்தார். எழுதி வைத்திருந்த அவருடைய பணிநீக்கக் கடிதத்தை முகாமையாளர் அவர் முன்னாலேயே கிழித்தார். மே மாதத் தவணையை அவர் எங்கள் வேண்டுகோளுக்கிணங்கி ஏற்கனவே இருமுறை நீட்டியிருந்தார் என்பதையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

11. அந்த ஒலிப்பதிவில் பதினொரு வினாடி விமானச் சத்தம் உண்டு என்பது உண்மை. பக்கத்து விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் களப்புக்கு மேலாகவே இறங்குகின்றன. இதுவே பெரிய சந்தேகத்துக்குக் காரணமானது. தயவுசெய்து கொப்பியின் ஏழாம் பக்கத்தைப் பார்க்கவும். ஓகஸ்ட் 2ஆம் திகதி எங்கள் ஊழியர் திருமதி றஞ்சிதம் எழுதியிருப்பது: "பறவைச் சத்தத்துக்கு நடுவில் பிளேன் வருகிறது. அப்போது என் நெஞ்சு அடிக்கிறது. அதை எடுத்துவிடவும்." அதன் கீழே ஸாலிஹ் எழுதியிருப்பது: "சரி. அதை வெட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்." அதன்பின் வேறு நால்வரும் அதையே கேட்டிருக்கிறார்கள். விமானத்தை வேவு பார்க்க வந்தவர்கள், இரண்டரை மாதத்துக்கு முன்னரே அந்தச் சத்தத்தை அகற்றும்படி ஐந்து பேராகக் கையொப்பமிட்டுக் கேட்டிருப்பார்களா என்பதைத் தங்கள் நியாயத்துக்கே விடுகிறேன்.

12. ஒக்டோபர் 17ஆம் திகதி, புதன்கிழமை, களஞ்சியம் சோதனையிடப்பட்டது. சோதனை அவசியமானதே, அதைப் பற்றி எமக்குக் குறையில்லை. சிறு அறையைத் திறந்த உத்தியோகத்தர் கருவியையும் கணினியையும் முப்பத்தாறு படங்களையும் கண்டார், ஒலியையும் கேட்டார். இது யாருடையது என்று கேட்டார். ஸாலிஹ் முன்னால் வந்து, "என்னோடது," என்றார். யாருடைய அனுமதியோடு வைத்தாய் என்று கேட்டார். முகாமையாளர் தனக்குத் தெரியாது என்றார். பிறகு என்னிடம் கேட்கப்பட்டது.

13. நான் தெரியாது என்றேன். என் வாக்குமூலம் அவ்வாறே பதியப்பட்டுள்ளது. ஐயா, அது பொய். அந்த அறையை ஊழியர்களின் பாவனைக்குத் தரும்படி ஜூலை 24ஆம் திகதி முகாமையாளருக்கு எழுதிக் கேட்டவள் நான். அவர் சம்மதித்துக் கையொப்பமிட்ட பிரதி என்னிடம் இருந்தது, இப்போது இணைப்பு 2 ஆகத் தங்கள் முன் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில், மலைநாட்டு முகவரியுள்ள அடையாள அட்டையோடு இருப்பவள், வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். காரணம் அவ்வளவுதான். ஸாலிஹ் அப்போது என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் காட்டிக்கொடுக்கப்பட்டிருப்பேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "எல்லாம் நான் மட்டுந்தான் செஞ்சேன்," என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

14. மறுநாள் அவருடைய மனைவி திருமதி லுத்பியா களஞ்சிய வாசலுக்கு வந்தார். என்னைக் குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "அக்கா, அவருக்கு இழுப்பு ஈக்கு. பம்ப் மேச லாச்சிக்குள்ள ஈக்கும். அத மட்டும் எடுத்துத் தாங்க," என்றார். மேசை இழுப்பறையிலிருந்து அவருடைய ஆஸ்துமா மருந்துக் குழலை எடுத்துக் கொடுத்தேன். பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் பேச அவருக்குத் துணை இல்லை என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் திரு. குலசிறி அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், குடையை எடுத்துக்கொண்டு அவரோடு புறப்பட்டார். அன்று மட்டுமல்ல, ஸாலிஹ் உள்ளே இருந்த நாட்களில் ஐந்து தடவை போனார். ஏன் போகிறீர்கள் என்று முகாமையாளர் கேட்டதற்கு, தமக்குத் தெரிந்த தமிழில், "அந்தக் கதிரையில நாங்களும் உக்காந்ததுதானே, சேர்," என்றார். இம்மனுவின் சிங்கள மொழிபெயர்ப்பு அவருடையது. அதில் அவருடைய பெயரும் உண்டு.

15. பன்னிரண்டு நாட்களுக்குப் பின், ஒக்டோபர் 29ஆம் திகதி, ஸாலிஹ் விடுவிக்கப்பட்டார். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பொலிஸ் நிலையத்தில் அவர் அடிக்கப்படவில்லை என்று அவரே சொன்னார், அதை இங்கே பதிவது நியாயம். ஆயினும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கே போய்க் கையொப்பமிட வேண்டும். அதனால் முகாமையாளர் அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தியுள்ளார். தன் கருவிப் பெட்டியை எடுக்க அவர் வந்தபோது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கு அன்னைக்கு கோவம் வந்தது உண்மதான் அக்கா. ஆனா ரெண்டு பேரும் உள்ளுக்குப் போயிருந்தா வெளில நின்டு எழுதுறதுக்கு ஆரு ஈக்கிற? நீங்க வடிவா எழுதுவீங்க. எழுதுங்க," என்றார். அதனால் எழுதுகிறேன்.

16. நவம்பர் 7ஆம் திகதி, விசாரணைக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் கருவியோடு நேரில் வந்தார். ஸாலிஹையும் அழைத்திருந்தார். அதே அறையில் அதைப் பொருத்தச் சொல்லி, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தானே அணிந்துகொண்டார். நாங்கள் வாசலில் நின்றோம். ஒரு நிமிடத்தில் கழற்றுவார் என்று நினைத்தோம். எட்டு நிமிடமும் இருந்தார். நடுவில் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது, அவர் எடுக்கவில்லை. கழற்றிய பிறகு, தண்ணீரில் படகோட்டியின் நிழல் விழுந்திருக்கிறது, அவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றார். நாங்கள் இரண்டரை மாதம் பார்த்தும் அதைக் கண்டதில்லை. மயிலம்மாவே கண்டதில்லை. இதில் ஒன்றும் இல்லை என்று தனக்குத் தெரிகிறது, ஆனால் பொருட்களை விடுவிக்கும் அதிகாரம் மேலிடத்துக்கே உண்டு, எழுதிக் கேளுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கருவியைத் தன் கையாலேயே துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

17. இப்போதைய நிலைமையையும் அறியத் தருகிறேன். டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகைக்கான பெட்டிகள் வரத் தொடங்கிவிட்டன. வேலை இரட்டித்திருக்கிறது. அறை வெறுமையாக இருக்கிறது, கதிரை மட்டும் உண்டு. சென்ற கிழமை நான் அவ்வழியே போனபோது உள்ளே ஐந்து பேர் கண்களை மூடிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மயிலம்மா கதிரையில் இருந்து, மெதுவான குரலில், "இப்ப எடப்பக்கம் திரும்புங்க. மூணு வேரு. நடுவேருல பாசி. இன்னும் கொஞ்சம் திரும்புங்க, அவசரப்படாதீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து தலைகளும் ஒன்றாகத் திரும்பின. முகாமையாளர் என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தடுத்து விடுவார் என்று பயந்தேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "உதுகள் நிலத்தில இருக்க வேண்டாம். ரெண்டு நீட்டு வாங்கு எடுத்துப் போடுங்கோ பிள்ளை," என்றார். தங்கள் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் ஸாலிஹை அன்றைக்கே வேலைக்கு எடுப்பதாகவும், தான் ஒக்டோபர் 17இல் சொன்னதைத் தானும் திருத்தித் தருவதாகவும் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய கடிதம் இணைப்பு 3.

18. ஆகவே, ஐயா, தங்களிடம் பணிவோடு வேண்டுவன:

(அ) கருவியையும் கணினியையும் எமக்குத் திருப்பித் தருமாறு. படங்களில் பாதுகாப்புக்கு ஒவ்வாதது ஏதேனும் இருப்பதாகத் தாங்கள் கருதினால் அதை அழித்துவிட்டு மிச்சத்தைத் தாருங்கள். ஓட்டையுள்ள காடும் எங்களுக்குப் போதும்.

(ஆ) திரு. ஸாலிஹ் திங்கட்கிழமைகளில் கையொப்பமிடும் நிபந்தனையை நீக்கி, அவர்மீது குற்றச்சாட்டு இல்லை என்பதை எமது நிறுவனத்துக்கு ஒரு வரியில் அறிவிக்குமாறு.

(இ) விமானச் சத்தம் இல்லாத வேறோர் இடத்தில், தாங்கள் குறிக்கும் நாளில், தங்கள் உத்தியோகத்தர் ஒருவரின் முன்னிலையில், புதிதாகப் படமும் ஒலியும் பதிய அனுமதி தருமாறு. இடத்தைத் தாங்களே தெரிவு செய்தாலும் சம்மதம். தேயிலைத் தோட்டம் மட்டும் வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

(ஈ) ஒக்டோபர் 17ஆம் திகதிய என் வாக்குமூலத்தை இரத்துச் செய்து, மேலே 13ஆம் பந்தியில் உள்ளதை என் வாக்குமூலமாகப் பதியுமாறு. பொய் சொன்னதற்குச் சட்டப்படி எது உண்டோ அதை ஏற்கிறேன். அழைத்தால் எந்த நாளிலும் வருவேன். என் அடையாள அட்டையின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. இருபத்திரண்டு ஊழியர்களும் தனித்தாளில் கையொப்பமிட்டுள்ளனர். மயிலம்மாவின் கையொப்பம் ஒன்பதாவது. கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வலக்கையால் இட்டது.

19. இறுதியாக ஒரு விடயம். எமது வாசலுக்கு எதிரே உள்ள சோதனைச் சாவடியில் மூன்று கொன்ஸ்தாபிள்மார் வெயிலில் நிற்கிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை அவர்களில் ஒருவர் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தபோது, அறையில் எல்லோரும் கண்ணை மூடித் தலையைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று குலசிறியிடம் கேட்டார். குலசிறி விளக்கினார். அவர் சற்று யோசித்துவிட்டு, அந்தச் சாமான் திரும்பி வந்தால் தாங்களும் வந்து உட்காரலாமா என்று கேட்டார். குலசிறி என்னைப் பார்த்தார். மேலதிகாரிகளின் அனுமதி பெறாமலும், முகாமையாளரைக் கேட்காமலும், வரலாம் என்று நான் சொல்லிவிட்டேன். புதன், வெள்ளி இரு நாட்களும் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆளுக்கு எட்டு நிமிடம் என்று முறைப்பட்டியலில் அவர்களுடைய பெயர்களையும் எழுதியாயிற்று. அது பிழையாயின் அதற்குப் பொறுப்பும் நானே.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) பெ. இராமலெட்சுமி
மேற்பார்வையாளர், பொதி திறக்கும் பிரிவு

இடம்: ஒருகொடவத்தை
திகதி: 19.11.2007

இணைப்புகள்:
1. ஊழியர்களின் கொப்பி (மூலப் பிரதி, பார்த்தபின் திருப்பித் தரவும், அதில் இன்னும் எழுத வேண்டியுள்ளது)
2. 24.07.2007 திகதிய அனுமதிக் கடிதம்
3. முகாமையாளர் திரு. இராஜநாயகத்தின் கடிதம்
4. இருபத்திரண்டு ஊழியர்களின் கையொப்பங்கள்
5. அடையாள அட்டைப் பிரதி
6. சிங்கள மொழிபெயர்ப்பு